ஹம்பி – திவ்யா இறுதிப் போட்டி: அந்த இரண்டு டிராக்களில் என்ன நடந்தது?

கேள்வி இது: 2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பதுமி நகரில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை செஸ் இறுதியில் கொனேரு ஹம்பியும் திவ்யா தேஷ்முக்கும் ஆடிய இரண்டு கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களும் டிரா, அதாவது யாரும் ஜெயிக்காமல் ஆளுக்கு அரைப் புள்ளி. இரண்டு பேரும் இந்தியர் என்பதால் பேசி வைத்துக்கொண்டார்களா, தோற்றுவிடுவோம் என்ற பயமா, டிரா ஆன ஆட்டத்தில் பார்க்க என்னதான் இருக்கிறது?

பேசி வைத்துக்கொள்ளவில்லை, பயமும் காரணம் இல்லை. முதல் ஆட்டத்தில் ஹம்பி தோற்றிருக்க வேண்டியவர். அந்த ஆட்டம் டிரா ஆனது அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு மூவாகத் தாங்கிப் பிடித்ததால்தான், அதைப் போய் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுப்பவன், இதே கேள்வியைப் பெற்றோரிடமிருந்து மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன்.

பேசி வைத்தார்களா என்ற சந்தேகத்தை முதலில் முடித்துவிடலாம். செஸ்ஸில் அப்படி நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1962-ல் குராசாவோ தீவில், உலகச் சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியில் பெட்ரோசியன், கெரஸ், கெல்லர் என்ற மூன்று சோவியத் ஆட்டக்காரர்களும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களையும் டிரா செய்தார்கள், பாபி ஃபிஷர் அதை வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார், அதன் பிறகு உலக செஸ் கூட்டமைப்பு ஃபிடே அந்தப் போட்டியின் வடிவத்தையே நாக்-அவுட்டாக மாற்றியது. ஆனால் அங்கே டிராவால் லாபம் வந்தது எப்படி என்று பாருங்கள்: எட்டுப் பேர் மோதும் நீண்ட போட்டி, நமக்குள் அரைப் புள்ளி பிரித்துக்கொண்டு உடம்பையும் மூளையையும் மிச்சம் பிடித்தால் மற்றவர்களோடு ஆடும்போது அந்தத் தெம்பு உதவும். பதுமியில் இறுதிக்கு வந்தவர்கள் இரண்டே பேர். யாரை முந்துவதற்காகத் தெம்பை மிச்சம் பிடிப்பது? ஒருவர் தோற்றே ஆக வேண்டும், டிரா அதை ஒரு நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பரிசும் பாதிப் பாதி கிடையாது, ஜெயித்தவருக்கு 50,000 டாலர், இரண்டாம் இடத்துக்கு 35,000. இதற்கு மேல் திவ்யாவுக்கு இன்னொன்றும் இருந்தது. அவர் அப்போது செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பெற்றிருக்கவில்லை, அதற்குத் தேவையான நார்ம் (பெரிய போட்டியில் காட்ட வேண்டிய தகுதி ஆட்டம்) ஒன்றுகூட அவர் கையில் இல்லை, ஆனால் இந்தக் கோப்பையை வென்றால் பட்டம் நேரடியாகக் கிடைக்கும். இவ்வளவு இருக்கும்போது யார் விட்டுக்கொடுப்பார்கள்?

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

முதல் ஆட்டத்தில் திவ்யாவுக்கு வெள்ளை. ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, பிறகு அதற்குப் பக்கத்துச் சிப்பாயை ‘இந்தா எடுத்துக்கொள்’ என்று நீட்டினார், ஹம்பி எடுத்துக்கொண்டார். குயின்ஸ் காம்பிட் அக்செப்டட் என்று இதற்குப் பெயர். இந்த வகையில் கருப்பு ஒரு சிப்பாயை எடுத்த கையோடு அதைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் வெள்ளைக் காய்கள் வேகமாக வெளியே வந்து கழுத்தைப் பிடித்துவிடும். அன்றும் வெள்ளைதான் வேகமாக வந்தது. 14-ஆவது மூவ் வாக்கில் கணினி வெள்ளைக்குப் பெரிய மேல்கை காட்டியது, நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆட்டம் இன்றே முடிந்துவிடும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் பார்ப்பவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். திரையின் ஓரத்தில் ஒரு பட்டை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், வெள்ளை மேலே போனால் வெள்ளைக்கு நல்லது. அந்தப் பட்டையைப் பார்ப்பவருக்குப் பதில் ஏற்கனவே தெரியும், ‘இவ்வளவு பெரிய வாய்ப்பை எப்படி விட்டார்’ என்று கேட்பது அதனால் சுலபம். பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி ஒரு மணி அடிப்பதில்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் நன்றாக இருக்கிற மாதிரித் தோன்றும் மூன்று நான்கு மூவ். அதில் ஒன்று ஜெயிக்கும், ஒன்று கொஞ்சம் மேல்கையை வைத்துக்கொள்ளும், மற்றவை எதிராளிக்கு மூச்சு விட இடம் கொடுத்துவிடும். எது எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் ஆறேழு மூவ் ஆழம் வரை மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். கடிகாரத்தில் முதல் 40 மூவுக்கு 90 நிமிடம், மூவுக்கு 30 வினாடி கூடுதல். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் 25-ஆவது மூவிலேயே நேரம் தீர்ந்துவிடும், எங்கே நின்று யோசிப்பது, எங்கே நம்பி ஆடுவது என்பதே ஒரு தனிக் கணக்கு. திவ்யா அந்த இடத்தில் சரியான மூவைத் தவறவிட்டார், 19 வயதில் வாழ்க்கையின் மிகப்பெரிய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்.

ஆனால் என் கண் அங்கே ஹம்பி மேல்தான் இருந்தது. மோசமான நிலையில் மாட்டிக்கொண்டவர் பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வார். ஒன்று, இப்படியே போனால் செத்தோம் என்று ஒரு குருட்டுத் தாக்குதலில் காய்களைக் கொட்டிவிடுவார். இல்லாவிட்டால் மனசு உடைந்து, ஏதோ ஒரு மூவை ஆடி, அடுத்தவர் முடித்துவைக்கட்டும் என்று காத்திருப்பார். மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதற்குப் பல வருட அனுபவம் வேண்டும்: எதிராளிக்கு ஒவ்வொரு மூவிலும் ஒரு புதுக் கேள்வியைக் கொடுப்பது. ஜெயிப்பதற்கு ஒரே வழி இருந்தால் அந்த வழியில் ஒரு கல்லைப் போடுவது, அதைத் தாண்டினால் இன்னொரு கல். எதிராளி எல்லாக் கல்லையும் தாண்டிவிட்டால் தோல்விதான், பரவாயில்லை. ஆனால் மனிதர்கள் எல்லாக் கல்லையும் தாண்டுவது அபூர்வம். ஹம்பி 2002-லேயே 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர், அன்று வரை மிகச் சின்ன வயதில் அந்தப் பட்டம் வாங்கிய பெண், அதில் ஹங்கேரியின் யூதித் போல்கரின் சாதனையை முறியடித்தவர். அத்தனை வருட அனுபவம் அன்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது. கடைசியில் 41-ஆவது மூவில் ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்து ஆட்டம் டிரா.

ஒரே நிலை திரும்ப வருவது என்றால் என்ன என்று பலருக்குக் குழப்பம், இதையும் சொல்லிவிடுகிறேன். பலகையில் ஒரே நிலை, ஒரே ஆள் ஆட வேண்டிய முறையோடு, மூன்று தடவை வந்தால் டிரா கேட்கலாம். தானாக ஆகிவிடாது, கேட்க வேண்டும். அடுத்து ஆடப்போகும் மூவால் மூன்றாவது தடவை வரும் என்றால், காயைத் தொடாமல் அந்த மூவை ஸ்கோர் ஷீட்டில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, ஆர்பிட்டரை, அதாவது நடுவரை, கூப்பிட வேண்டும். காயை நகர்த்திக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டு அப்புறம் கேட்டால் செல்லாது. என்னிடம் படித்த ஒரு பையன் இப்படித்தான் ஒரு அரைப் புள்ளியை இழந்தான், ஆர்பிட்டர் செய்தது விதிப்படி சரி. யாரும் கேட்காமலே ஐந்து தடவை வந்துவிட்டால் மட்டும் ஆட்டம் அதோடு டிரா. தொடர்ந்து செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் டிரா என்று சொல்கிறார்களே, அப்படித் தனியாக ஒரு விதி இன்றைய விதிப் புத்தகத்தில் கிடையாது. செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் எப்படியும் ஒரே நிலை மூன்று தடவை வந்துவிடும், அதனால் டிரா.

கைகொடுத்து ஒப்புக்கொள்ளும் டிராவுக்கும் முறை இருக்கிறது. முதலில் உங்கள் மூவை ஆட வேண்டும், பிறகு வாயால் டிரா கேட்க வேண்டும், பிறகு கடிகாரத்தை அழுத்த வேண்டும், இந்த வரிசையில். இரண்டு பேரும் ஸ்கோர் ஷீட்டில் அந்த மூவுக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி போட்டுக்கொள்ள வேண்டும். எதிராளி யோசிக்கும் நேரத்தில் ‘டிராவா, டிராவா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது தொந்தரவு, ஆர்பிட்டர் தண்டிக்கலாம்.

இரண்டாவது ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஹம்பிக்கு வெள்ளை, அமைதியாகத் தொடங்கினார், 34 மூவில் டிரா. முந்தைய நாள் போல ஒரு பக்கம் பெரிதாகச் சாயவில்லை. ஆனால் அந்த டிராவால் யாருக்கு லாபம் என்ற கேள்வி சுவையானது, அன்று எல்லோரும் அதற்குத் தவறாகவே பதில் சொன்னோம், நானும்தான்.

எப்படி என்றால், கிளாசிக்கலில் இரண்டும் டிரா ஆனால் அடுத்த நாள் டை-பிரேக், அதாவது வெற்றியாளரை முடிவு செய்யும் வேக ஆட்டங்கள். 15 நிமிட ஆட்டம் இரண்டு, மூவுக்கு 10 வினாடி கூடுதல், அதிலும் சமம் என்றால் இன்னும் வேகமான ஆட்டங்கள். ஹம்பி வேக ஆட்டத்தில் இரண்டு முறை உலகச் சாம்பியன், 2019-ல் மாஸ்கோவில் ஒரு தடவை, 2024 டிசம்பரில் நியூயார்க்கில் இன்னொரு தடவை. ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் ரேட்டிங் எண்ணிலும் அவர் ஏறத்தாழ 80 புள்ளி மேலே. அப்படியானால் டிரா ஹம்பிக்கு நல்லது, திவ்யா கிளாசிக்கலிலேயே முடித்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான பேச்சு. அரையிறுதியிலும் ஹம்பி அந்த வழியாகத்தான் வந்தார். சீனாவின் லெய் டிங்ஜியோடு கிளாசிக்கல் இரண்டும் டிரா, 15 நிமிட ஆட்டங்கள் இரண்டும் டிரா, 10 நிமிட ஆட்டங்களில் ஒன்றில் தோற்று, அடுத்ததைக் கட்டாயம் ஜெயிக்க வேண்டிய நிலையில் ஜெயித்து, பிறகு 5 நிமிட ஆட்டங்கள் இரண்டையும் வென்று 5–3 என்று முடித்தார். அந்த எட்டு ஆட்டத்தில் நான்கு டிரா. அந்த நான்கில் ஏதாவது ஒன்று தோல்வியாக மாறியிருந்தால் அவர் இறுதிக்கு வந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

திவ்யாவின் அரையிறுதியை எடுத்துக்கொண்டால் டிராவின் மதிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். எதிரே முன்னாள் உலகச் சாம்பியன் டான் ஜோங்யி. நம் சென்னை வைஷாலியைக் காலிறுதியில் வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தான், அதனால் எனக்கு அந்த ஆட்டத்தில் கூடுதல் ஆர்வம் இருந்தது. முதல் ஆட்டத்தில் திவ்யாவுக்குக் கருப்பு, டிரா செய்தார். இரண்டு ஆட்டம் மட்டுமே உள்ள மோதலில் கருப்பில் டிரா என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்ட மாதிரி, ஏனென்றால் அடுத்த நாள் வெள்ளைக் காய் உங்கள் கையில், தோற்காமல் இருந்தாலே டை-பிரேக் உறுதி, அந்தத் தைரியத்தில் அவசரப்படாமல் இழுத்து இழுத்து ஆடலாம். அடுத்த நாள் அதைத்தான் செய்தார், 101 மூவ் வரை இழுத்து ஜெயித்தார். அந்த 101 மூவ் ஆட்டத்தை எல்லோரும் கொண்டாடினார்கள், முந்தைய நாள் டிராவை யாரும் பேசவில்லை. அது இல்லாமல் இது இல்லை.

இதே உணர்வு உள்ளூர் அளவிலும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு ரேட்டிங் போட்டிக்கு என்னிடம் படித்த பத்து வயதுப் பெண்ணைக் கூட்டிப்போயிருந்தேன். கல்யாண மண்டபத்தில் போட்டி, பெற்றோர்கள் எல்லாம் வெளியே படிக்கட்டில், கையில் சாப்பாட்டுக் கூடை. எதிராளி பதினைந்து வயசுப் பையன், நல்ல ரேட்டிங். மூன்று மணி நேரம் கழித்துப் பலகையில் மிஞ்சியது இவளுக்கு ஒரு ராஜா, ஒரு யானை, அவனுக்கு ராஜா, யானை, கூடவே நடுவில் ஒரு சிப்பாய். சிப்பாய் குறைவு என்றால் தோல்வி என்று வெளியே நிற்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் இந்த முடிவாட்டத்துக்கு 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் ஃபிலிடோர் ஒரு பூட்டு கண்டுபிடித்து வைத்திருக்கிறார். உங்கள் ராஜா அந்தச் சிப்பாய் போய்ச் சேர வேண்டிய கடைசிக் கட்டத்தில் நிற்க வேண்டும். உங்கள் யானை உங்கள் பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவது வரிசையில் நிற்க வேண்டும், அப்போது எதிரி ராஜா அந்த வரிசைக்குள் காலே வைக்க முடியாது. நீங்கள் யானையை அதே வரிசையில் இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்கலாம். பொறுமை இழந்து அவன் சிப்பாயை அந்த மூன்றாவது வரிசைக்குத் தள்ளும் அதே நிமிடம், உங்கள் யானை பலகையின் அந்தக் கோடிக்கு ஓடிவிட வேண்டும், அங்கிருந்து பின்னாலேயே செக், செக், செக். சிப்பாய் முன்னால் போய்விட்டதால் ராஜா ஒளிந்துகொள்ள இப்போது அதற்கு முன்னால் இடம் இல்லை.

அந்தப் பெண் யானையை அந்த வரிசையில் தள்ளிக்கொண்டே இருந்தாள். இடம், வலம், இடம், வலம். ஒவ்வொரு மூவுக்கும் பென்சிலால் எழுதினாள், எழுத்து ஒரே அளவில் இருந்தது, கை நடுங்கவில்லை. பையன் ஒரு வழி, இன்னொரு வழி என்று இருபது மூவுக்கு மேல் முயன்றான், பிறகு சிப்பாயைத் தள்ளினான். அவள் யானையைக் கோடிக்குக் கொண்டு போனதும் அவன் ஒரு தரம் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தான், பார்த்துவிட்டுக் கையை நீட்டினான். வெளியே வந்ததும் அப்பா கேட்டார், ‘டிராதானா?’ அவள் சொன்ன பதில், ‘அப்பா, எனக்கு ஒரு சிப்பாய் கம்மி.’ அன்றைய போட்டியில் அவள் ஜெயித்த எந்த ஆட்டமும் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை, இது அப்படியே கண்ணில் நிற்கிறது.

ஜார்ஜியா என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெண்கள் செஸ்ஸுக்கு அந்த நாடு ஒரு கோயில் மாதிரி. நோனா காப்ரிந்தாஷ்விலி 1962-லிருந்து 1978 வரை உலகச் சாம்பியன், கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். அவரைத் தோற்கடித்தவரும் ஜார்ஜியப் பெண்தான், மாயா சிபுர்தானித்ஸே, அப்போது வயது 17. அந்த மோதல் நடந்த இடமும் இதே கருங்கடல் கரைதான், பிட்சுந்தா என்ற ஊர். நோனாவுக்கு வயது 37. பதுமியில் ஹம்பிக்கு 38, திவ்யாவுக்கு 19. ஒரே நாட்டுக்காரர்கள், ஒரு தலைமுறை இடைவெளி, அதே கடற்கரை, எனக்கு அதை நினைத்தாலே சிலிர்க்கிறது. 1978-ல் மாயா 8.5–6.5 என்று வென்றார், 15 ஆட்டத்தில் 9 டிரா. இதே மாயா 1981-ல் நானா அலெக்சாந்திரியாவோடு ஆடியபோது 16 ஆட்டம் முடிந்து 8–8, சாம்பியன் என்பதால் பட்டம் மாயாவிடமே தங்கியது. ஆளுக்கு நான்கு வெற்றி, எட்டு டிரா. பட்டம் கடைசியில் அரைப் புள்ளி அகலத்தில் நின்றது, அந்த எட்டு டிராவில் ஏதாவது ஒன்று நானா பக்கம் சாய்ந்திருந்தால் வரலாறு வேறு.

ஹம்பிக்கே இதில் கசப்பான அனுபவம் உண்டு. 2011-ல் அல்பேனியாவின் டிரானாவில் சீனாவின் ஹோ யிஃபானோடு உலகச் சாம்பியன் பட்டத்துக்கு ஆடினார். எட்டு ஆட்டத்தில் ஐந்து டிரா, மூன்று தோல்வி, வெற்றி ஒன்றும் இல்லை, 5.5–2.5. ஐந்து டிரா என்பது அங்கே பாதுகாப்பாக அமையவில்லை, வெற்றியாக மாற்ற முடியாமல் போன ஐந்து நாட்களாக ஆகிவிட்டது. ஆக டிரா நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சொல்லவே முடியாது, யார், எந்த நிலையிலிருந்து, மோதலின் எந்தக் கட்டத்தில் என்று மூன்றையும் பார்க்க வேண்டும். உலகச் சாம்பியனான சீனாவின் ஜூ வென்ஜுனும் ரஷ்யாவின் கோர்யாச்கினாவும் 2020-ல் பட்டத்துக்காக 12 ஆட்டம் ஆடி 6–6 என்று நின்றார்கள், ஆளுக்கு மூன்று வெற்றி, ஆறு டிரா, டை-பிரேக்கில் ஜூ தப்பித்தார். அதே ஜூ 2023-ல் லெய் டிங்ஜியிடம் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்றுப் பின்தங்கி, எட்டாவதில் சமன் செய்து, கடைசி 12-ஆவது ஆட்டத்தில் ஜெயித்துப் பட்டத்தைக் காப்பாற்றினார். மீதி ஒன்பதும் டிரா.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், எல்லா டிராவும் இப்படி இல்லை. பதினைந்து இருபது மூவில், காய்கள் பாதி பெட்டியிலிருந்து வெளியே வந்தும் வராமலும் இருக்கும்போது, கைகொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகிற டிராவும் உண்டு, எனக்கு அது பிடிக்காது, பிள்ளைகளை அப்படி ஆட விடுவதும் இல்லை. போட்டி நடத்துபவர்களுக்கும் பிடிக்கவில்லை. 2005-ல் பல்கேரியாவின் சோஃபியாவில் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் டிரா கேட்கவே கூடாது என்று விதி போட்டார்கள், அது சோஃபியா விதி என்றே பெயர் பெற்றுவிட்டது. நார்வே செஸ்ஸில் பெண்கள் பிரிவு 2024-ல் தொடங்கியபோது ஆண்களுக்குச் சமமான பரிசுத் தொகை வைத்தார்கள், கூடவே டிரா ஆனால் உடனே அர்மகெடான் ஆட வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு: வெள்ளைக்கு 10 நிமிடம், கருப்புக்கு 7, டிரா ஆனால் கருப்பு ஜெயித்ததாகக் கணக்கு. பார்ப்பதற்கு விறுவிறுப்பு, மறுக்கவில்லை. ஆனால் கிளாசிக்கலில் நான்கு மணி நேரம் தாங்கிப் பிடித்துக் காப்பாற்றிய ஒரு நிலைக்குக் கிடைத்த பலனை ஏழு நிமிட ஆட்டம் திருத்தி எழுதுவது எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

பதுமியில் கடைசி நாள் என்ன நடந்தது என்பதையும் சொன்னால்தான் முழுமையாகும். டை-பிரேக்கின் முதல் ஆட்டத்தில் திவ்யாவுக்கு வெள்ளை, ஹம்பி பெட்ரோஃப் என்ற தொடக்கத்தை ஆடினார், கருப்பில் தோற்காமல் இருக்க வேண்டும் என்றால் பெரியவர்கள் எடுக்கும் பழைய கவசம் அது. 81 மூவ் போய் டிரா. 15 நிமிடத்தில் தொடங்கிய ஆட்டத்தில் 81 மூவ் என்றால் பின்பாதி முழுக்கப் பத்துப் பத்து வினாடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது என்று அர்த்தம். அடுத்த ஆட்டம் ஹம்பிக்கு வெள்ளை, காட்டலான் என்ற வகைத் தொடக்கம், நீண்டுகொண்டே போனது, நேரம் ஹம்பியை நெருக்கியது, முடிவாட்டத்தில் மேல்கை கைமாறிக்கொண்டே இருந்தது, 75-ஆவது மூவில் ஹம்பி தோல்வியை ஏற்றார். திவ்யா கண்ணீரோடு போய் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இந்தியாவின் 88-ஆவது கிராண்ட்மாஸ்டர், பெண்களில் ஹம்பி, ஹரிகா, வைஷாலிக்குப் பிறகு நான்காவது. வேக ஆட்டத்துக்குப் போனால் ஹம்பிக்கு நல்லது என்ற எங்கள் எல்லோருடைய கணக்கும் அங்கே உடைந்தது. மூன்று டிராவில் ஒவ்வொன்றாக ஹம்பியின் நேரத்தையும் தெம்பையும் அந்தப் பெண் கரைத்திருக்கிறாள் என்று இப்போது திரும்பிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது. 38 வயதில் மூன்று வாரம் தொடர்ந்து ஆடி, அரையிறுதியில் எட்டு ஆட்டம் ஆடி வந்தவர் அவர்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள் இல்லையா, அதற்கு இப்படிச் செய்து பாருங்கள். இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தை எடுங்கள், கணினியின் பட்டையை அணைத்துவிடுங்கள். உண்மையான பலகையில் காய்களை அடுக்கி 13-ஆவது மூவ் வரை ஆடி வையுங்கள், கருப்புப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருங்கள். அங்கிருந்து ஒவ்வொரு கருப்பு மூவுக்கும் முன்னால் ஐந்து நிமிடம் எடுத்து, நீங்கள் ஹம்பியாக இருந்தால் என்ன ஆடுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவிட்டு, பிறகு அவர் ஆடியதைத் திறந்து பாருங்கள். 41 வரை போக ஒரு மாலை நேரம் ஆகும். நான் என் வகுப்பில் இதைச் செய்தபோது பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் எழுதிய மூவ்கள் இருபதாவது மூவுக்குள்ளேயே தோற்றுப்போயின.